அப்பாவைச் சாப்ளின் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்

மூன்று மாத விசாவில் யாழ்ப்பாணத்தில் இருந்து சுவிஸுக்கு வந்திருந்த அப்பாவுக்கு எதைக் காட்டுவது என்று யோசித்தேன். பனிமலை வேண்டாம், குளிர் ஒத்துக்கொள்ளாது என்று அவரே சொல்லிவிட்டார். சரி, லோசானில் இருந்து ரயிலில் கால் மணி நேரம் போனால் வெவே, அங்கே சார்லி சாப்ளின் வாழ்ந்த வீடு இருக்கிறது என்றேன். "எங்கட சார்லியோ?" என்று கேட்டார். அன்றிரவே சப்பாத்தைத் துடைத்து வைத்துவிட்டார்.

வெவே நிலையத்தில் இருந்து 212ஆம் இலக்க பஸ். இறங்கும் நிறுத்தத்தின் பெயரே சாப்ளின்தான். பெரிய மரங்கள் நிற்கிற பரந்த தோட்டம், நடுவில் வெள்ளை மாளிகை, தூரத்தில் மலைகள். 2016 ஏப்ரலில் இதை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ என்று தனிக் கட்டடம் ஒன்றும் கட்டியிருக்கிறார்கள். முதலில் அங்கே போங்கள்.

அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆங்கிலம் வாசிப்பார், ஆனால் சின்ன எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. எல்லாவற்றையும் நானே வாசித்துச் சொல்ல வேண்டிவரும் என்று நினைத்திருந்தேன். தேவைப்படவேயில்லை. முதலில் ஒரு சின்னப் படம் ஓடுகிறது. முடிந்ததும் திரை மேலே போக, அதற்குப் பின்னால் அந்தக் காலத்து லண்டன் தெரு! அதற்குள் நாங்களே நடந்து போகிறோம். அப்பா என் கையை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டார்.

'தி கோல்ட் ரஷ்' (1925) படத்தில் மலை விளிம்பில் சரியுமே ஒரு மரக்குடில், அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். அங்கே நின்றுதான் அப்பா தன் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னார். மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி அந்தப் படத்தைப் போட்டார்களாம். சாப்ளின் பசியில் சப்பாத்தை அவித்து, ஆணிகளை எலும்பு மாதிரி உறிஞ்சுகிற இடத்தில் எல்லோரும் சிரிக்க, இவருக்கு மட்டும் அழுகை வந்ததாம். அந்தச் சப்பாத்து அதிமதுர மிட்டாயில் செய்தது என்று சொன்னேன். சாப்ளின் ஏழு வயதில் லண்டன் லாம்பெத் ஏழைகள் விடுதியில் இருந்தவர், தாய் மனநோயால் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர் என்பதையும் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அது அவன்ர சொந்தப் பசிதான், பிள்ளை" என்றார்.

'மாடர்ன் டைம்ஸ்' (1936) படத்துப் பெரிய பற்சக்கரங்களில் பிள்ளைகள் ஏறிப் படுத்துப் படம் எடுக்கிறார்கள். 1931இல் லண்டனில் சாப்ளின் காந்தியைச் சந்தித்தபோது இருவரும் இயந்திரங்களைப் பற்றித்தான் பேசினார்கள். அதை அப்பாவுக்குச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது.

மெழுகுச் சிலைகள் நிறைய. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், குளியலறையில் ஐன்ஸ்டைன்கூட நிற்கிறார். என் மனம் அவற்றில் ஒட்டவில்லை. எனக்குப் பிடித்தது வீட்டுக்குள் ஓடும் குடும்பப் படங்கள். மனைவி ஊனா எடுத்தவை. தலை நரைத்த மனுசன் தோட்டத்தில் பிள்ளைகளோடு கோமாளித்தனம் செய்கிறார். இருவருக்கும் பிறந்த எட்டுப் பிள்ளைகளில் நான்கு பேர் சுவிஸுக்கு வந்த பிறகு பிறந்தவர்கள்.

இந்த வீட்டுக்கு அவர் வந்த கதைதான் எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்தது. 1952 செப்டம்பரில் 'லைம்லைட்' படத்தின் வெளியீட்டுக்காகக் குடும்பத்தோடு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். நடுக்கடலில் போகும்போதே, அவர் அமெரிக்கா திரும்புவதற்கான அனுமதியை ரத்துச் செய்துவிட்டார்கள். "திரும்பிப் போக விடேல்லையோ?" என்று அப்பா இரண்டு தரம் கேட்டார். நான் அகதியாக இங்கே வந்தது 1991இல். பதினொரு வருடம் கழித்துத்தான் ஊர்ப் படலையைத் தொட்டேன். சாப்ளினுக்கு இருபது வருடம். 1972இல் ஆஸ்கார் மேடையில் நின்றபோது பன்னிரண்டு நிமிடம் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இரண்டு மணி நேரம் போதும் என்று போனோம், நாலு மணி நேரம் இருந்தோம். நுழைவுச்சீட்டு மலிவில்லை, ஆனால் அந்தக் காசுக்குப் பெறுமதி உண்டு. மழையில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், தோட்டத்தைத் தவறவிடக் கூடாது. பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் முதல் நாள் வீட்டில் ஒரு சாப்ளின் படமாவது போட்டுக் காட்டிவிடுங்கள்.

வரும் வழியில் கோர்சியே மயானத்துக்கும் போனோம். சார்லியும் ஊனாவும் பக்கத்தில் பக்கத்தில். 1977 நத்தார் அன்று இறந்தவரின் பெட்டியை அடுத்த மார்ச்சில் பணம் கேட்டுத் திருடிப்போனார்கள். பதினொரு வாரம் கழித்துக் கிடைத்ததும் கொங்கிரீட் போட்டு மறுபடி புதைத்தார்கள்.

அப்புறம் வெவே ஏரிக்கரையில் அவருடைய வெண்கலச் சிலை. அப்பா பக்கத்தில் போய் நின்று, சுவெட்டரை இழுத்துவிட்டு, நான் போனைத் தூக்கியதும் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் பின்னால போ பிள்ளை. ரெண்டு பேற்றை சப்பாத்தும் விழவேணும்."