பள்ளிக்குப் போகும் வழி: ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியோடு 3 வாரம்

என் மகளுக்கு 9 வயது. இந்த வருஷம் தானே சைக்கிள் ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். போனில் ஏற்கெனவே இருந்த ஒரு வரைபடச் செயலியில் வீட்டையும் பள்ளியையும் போட்டுப் பார்த்தேன். 11 நிமிட நடை என்று காட்டியது. மறுநாள் காலை அந்த வழியில் நானே நடந்தேன். பாதித் தூரத்தில் நடைபாதை சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துவிட்டது. அப்புறம் வண்டிகளை உரசுகிற மாதிரி, சாலையோர வெள்ளைக் கோட்டின் மேலேயே நடக்க வேண்டியிருந்தது. இந்த வழியில் மகளை அனுப்புவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

வேறு வழி தேடும்போதுதான் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் கிடைத்தது. ஆண்ட்ராய்டு போனுக்கான இலவசச் செயலி, விளம்பரம் கிடையாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் வரைபடம் இருக்கிறது, 2004இல் தொடங்கியது. அதில் விட்டுப்போன விவரங்களை நிரப்பத்தான் இந்தச் செயலி. இது வழி சொல்லாது, கேள்விதான் கேட்கும். தெருவில் நின்றுகொண்டு திறந்தால் சுற்றிலும் குறிகள் தெரியும். ஒன்றைத் தொட்டால் ஒரு கேள்வி. இந்தத் தெருவில் நடைபாதை எந்தப் பக்கம்? தெருவிளக்கு உண்டா? தரை தாரா, கல்லா, மண்ணா? சாலையைக் கடக்கும் இடத்தில் சிக்னல் இருக்கிறதா, வெறும் கோடா, ஒன்றுமே இல்லையா? நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு உண்டா?

நடைபாதைக் கேள்விக்கு சாலையின் சின்னப் படம் ஒன்று வரும். இடப்பக்கம், வலப்பக்கம் என்று தனித்தனியாகத் தொட்டுச் சொல்ல வேண்டும். வரைபடத்தைத் திருப்பினால் படமும் கூடவே திரும்புகிறது, அதனால் பக்கம் மாறிப்போகும் குழப்பம் இல்லை. செய்தவர்கள் தெருவில் நின்று யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

முதல் வாரம் தனியாகப் போனேன். இரண்டாம் வாரம் மகளையும் கூட்டிக்கொண்டேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். பள்ளிக்கு இரண்டு தெரு முன்னால் ஒரு முனை. கடக்கும் இடம் என்று செயலியில் தெளிவாகப் பதிவாகியிருந்தது. நான் போய் நின்றேன், இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிந்தது. அவள் நின்றாள். "அம்மா, எனக்கு ரோடே தெரியல." முனையை ஒட்டி ஒரு வேன் நின்றிருந்தது. குத்துக்காலிட்டு அவள் உயரத்துக்கு இறங்கிப் பார்த்தேன். வேனின் பக்கச் சுவரும் ஒரு சக்கரமும் தெரிந்தன, வேறெதுவும் இல்லை. வண்டி வருகிறதா என்று பார்க்க அவள் சாலைக்குள்ளேயே இரண்டடி இறங்கியாக வேண்டும். அந்த முனையில் நான் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். ஒருநாளும் அது என் கண்ணில் பட்டதில்லை.

இன்னொரு இடத்தில், எந்த வகைக் கடவை, அதாவது சாலையைக் கடக்கும் இடம், என்று செயலி கேட்டது. "கோடு இருக்கு, ஆனா அழிஞ்சு போச்சே, என்ன போடறது?" என்றாள். நியாயமான சந்தேகம். பதில் சொல்ல முடியாத இடத்தில் படம் எடுத்து ஒரு குறிப்பு எழுதிவைக்கலாம், வரைபடத்தில் வேலை செய்யும் மற்றவர்கள் பார்த்துச் சரிசெய்வார்கள். குறிப்பை அவளே எழுதினாள்.

பள்ளி வழிகளைப் பாதுகாப்பாக்கும் வேலை 1970களில் டென்மார்க்கின் ஓடென்சே நகரத்தில் தொடங்கியது என்பார்கள். அதிலிருந்து வளர்ந்த இந்த மாதிரித் திட்டங்கள் பலவற்றில் குழந்தைகளிடமே எங்கே பயமாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஏன் என்று அந்த வேன் பக்கத்தில் குத்துக்காலிட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

இனி குறைகள். இந்தச் செயலிக்கு நேரம் தெரியாது. காலை 11 மணிக்கு அமைதியாகக் கிடக்கும் தெரு 8 மணிக்கு வேறு தெரு. எத்தனை வண்டி போகிறது, ஓட்டுபவர்கள் நிற்கிறார்களா, முனையில் வேன் நிறுத்துகிறார்களா என்று எதையும் அது கேட்காது. மாறாமல் இருக்கும் விஷயங்களை மட்டும் பதிவதுதான் அதன் வேலை, அது சரிதான். ஆனால் இதை மட்டும் நம்பி வழி முடிவு செய்யக் கூடாது. நான் ஒரு நோட்டோடு இரண்டு நாள் காலை 8 முதல் 8:30 வரை நின்று எண்ணினேன். வண்டிகள் அதிகம் நெருக்கியடித்தது பெரிய சாலையில் இல்லை, பள்ளி வாசலில்தான். குழந்தைகளை இறக்கிவிட வரும் கார்கள், பின்னால் எடுப்பது, திரும்புவது, கதவைச் சட்டென்று திறப்பது. வீட்டுக் குழந்தை நடந்து போக பயம் என்றுதான் பலரும் காரில் கொண்டுவருகிறார்கள். அந்தக் கார்களே அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் பயமாகிவிடுகின்றன.

வேகத்தையும் பார்த்தேன். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. வண்டியின் வேகம் 50 கிலோமீட்டரிலிருந்து 65 ஆனால், அடிபட்டு நடப்பவர் இறக்கும் வாய்ப்பு 4.5 மடங்காகிறது. அதனால் வண்டிகள் குறைவாக ஆனால் வேகமாகப் போகும் தெருவை விட்டுவிட்டு, வளைந்து வளைந்து மெதுவாகப் போகும் தெருவை எடுத்தேன்.

வழி வரைவதற்கு பிரவுட்டர் என்ற இணையக் கருவியைச் சேர்த்துக்கொண்டேன். அதுவும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில்தான் ஓடுகிறது. அதில் எனக்குப் பிடித்தது, போகவே கூடாத இடங்களை வட்டம் போட்டு விலக்கலாம். வேன் முனைக்கு ஒரு வட்டம், பள்ளி முன்வாசலுக்கு ஒரு வட்டம் போட்டேன். வழி பின்வாசல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தது, 600 மீட்டர் கூடுதல். கீழே ஏற்ற இறக்கப் படமும் வரும். முதலில் வந்த ஒரு வழியில் நல்ல இறக்கம் ஒன்று நேராகச் சாலையைக் கடக்கும் இடத்தில் போய் முடிந்தது. சின்னக் கைகள் பிரேக்கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க முடியும்? அதையும் விலக்கினேன். நாம் செயலியில் சொல்லும் பதில்கள் இந்தக் கருவிக்கு உடனே வராது, அது தன் தரவைப் புதுப்பிக்கும்வரை பொறுக்க வேண்டும்.

ஸ்ட்ரீட்கம்ப்ளீட்டைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு ஒன்று தொடங்கி உள்நுழைந்தால்தான் பதில்கள் வரைபடத்துக்குப் போகும். அமைப்புகளில் நடைபாதை, கடவை, விளக்கு பற்றிய கேள்விகளை மேலே கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைத் திறப்பு நேரம், மறுசுழற்சித் தொட்டி என்று கவனம் சிதறும். பகுதியை முன்கூட்டியே இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். அப்புறம், நடந்துகொண்டே போனைப் பார்க்காதீர்கள். நின்று பதில் சொல்லிவிட்டு உள்ளே வைத்துவிட்டு நடங்கள், குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது.

இப்போது அவள் முன்னால் போகிறாள், நான் கொஞ்சம் பின்னால் வேறு சைக்கிளில். பின்வாசல் சந்துக்கு முன்னால் சொல்லாமலே ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்கிறாள், இரண்டு பக்கமும் பார்க்கிறாள். தோழியின் தெருவில் இன்னும் 14 கேள்விகள் பதிலில்லாமல் நிற்கின்றன. சனிக்கிழமை அங்கே போகிறோம். அந்தத் தெரு சரிப்பட்டால் இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள்.