ஹீட் முள் அசையவே இல்லை: பழைய டீசல் பிக்கப் வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

மதுரை ரிங் ரோட்டை ஒட்டிய ஒரு பழைய வண்டி யார்டில் 4,35,000 ரூபாய் கொடுத்து 2015 மாடல் டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினேன். பன்னிரண்டாம் நாள், ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் அதன் இன்ஜின் வெந்துபோனது. யார்டின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும். அவர்கள் செய்த கைவேலையை மட்டும் சொல்கிறேன். அதே கைவேலை பார்த்த வேறு வண்டிகளும் அங்கே கழுவித் துடைத்து நிற்கும்.

எனக்கு ஜெனரேட்டர் வாடகைத் தொழில். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று வருடத்தில் பாதி நாள் ஊர் சுற்றும் பிழைப்பு. 40 கே.வி.ஏ. ஜெனரேட்டரைத் தனி டிரெய்லரில் பொருத்தியிருக்கிறேன். எடை மேடையில் நிறுத்தியபோது டிரெய்லரோடு சேர்த்து 1,940 கிலோ. இதுவரை டிராக்டர் வாடகைக்குப் பிடித்து இழுத்தேன். சொந்தமாக ஒரு பிக்கப் இருந்தால் அந்தப் பணம் மிஞ்சுமே என்று கணக்குப் போட்டதுதான் ஆரம்பம்.

"இரண்டு டன் இதற்குப் பஞ்சு மூட்டை அண்ணே" என்றார் புரோக்கர். இரண்டு மாதத்துக்கு முன்புதான் போர் வேலை, அதாவது இன்ஜினைப் பிரித்து சிலிண்டர், பிஸ்டனைப் புதுப்பிக்கும் வேலை, முழுதாகப் பார்த்ததாகச் சொல்லி ஒரு பில்லையும் நீட்டினார். கையால் எழுதிய பில். என்னென்ன சாமான் போட்டார்கள் என்ற விவரம் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. மொத்தத் தொகை மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் போனது காலை ஒன்பது மணிக்கு. அப்போதே பானெட் சூடாக இருந்தது. கேட்டதற்கு, "நீங்கள் வருவீர்கள் என்று ஓட்டி வைத்தோம்" என்றார்கள். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்! காலைக் குளிரில் முதல் ஸ்டார்ட்டுக்கு அது கக்கும் புகையை நான் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த மரியாதை அது.

ஓட்டிப் பார்த்தது ரிங் ரோட்டில், காலி வண்டியாக, சமதரையில். என்ன குறை தெரியும்?

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் காலையில் சாவியைத் திருப்பியதும், இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் முள் நேராக நடுவுக்குப் போய் நின்றுவிடும். ஊருக்குள் ஓடினாலும் அதே இடம், திருமங்கலம் போய் வந்தாலும் அதே இடம். "முள் இம்மி அசையவில்லை பார், கூலிங் எவ்வளவு சுத்தம்" என்று மாப்பிள்ளையிடம் பெருமை வேறு பேசினேன். ஜெனரேட்டர் இன்ஜினோடு இருபது வருடம் பழகியவன் நான். இரவெல்லாம் வெளியில் நின்ற இன்ஜின், சாவி போட்ட நொடியில் எப்படிப் பாதிச் சூட்டைக் காட்டும் என்று ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டாமா?

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு ஆர்டர். உசிலம்பட்டி தாண்டி, பிற்பகல் இரண்டு மணி வெயிலில் கணவாய் ஏறினோம். மூன்றாவது கியரில் இழுவை குறைந்தது, இரண்டாவதுக்கு வந்தேன். அதிலும் திணறியது. முள் நடுவில்தான் நின்றது. பானெட் இடுக்கில் ஆவி வந்த பிறகுதான் ஓரங்கட்டினேன். மாப்பிள்ளை அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான், தட்டிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் உள்ளே மஞ்சள் தண்ணீர்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பழைய மெக்கானிக், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், வந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். "தம்பி, உங்கள் வண்டிக்கு மஞ்சள் நீராட்டு நடத்தியிருக்கிறார்கள்" என்றார். சமையல் மஞ்சள் தூள்தான். ரேடியேட்டரில் பொட்டு ஓட்டை இருந்தால் மஞ்சளைக் கொட்டுவது பழைய லாரிக்காரர்கள் வழக்கம். தூள் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், பட்டறை வரை வண்டி வந்து சேரும். ஆனால் நல்ல குழாய்களிலும் அதே தூள்தான் படியும். என் ரேடியேட்டரில் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. காலி வண்டிக்கு மீதிப் பாதி போதும். இரண்டு டன்னை ஏற்றத்தில் இழுக்கும் இன்ஜினுக்கு அது எந்த மூலைக்கு?

தெர்மோஸ்டாட்டையும், அதாவது சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வையும், கழற்றி எறிந்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் வண்டி குளிர்ச்சியாக ஓடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்த வகை இன்ஜினில் சூடானதும் பைபாஸ் என்னும் குறுக்கு வழியை மூடுவதும் தெர்மோஸ்டாட்தான். அதைக் கழற்றிவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஹீட் சென்சாரின் வயரைப் பிடித்துக்கொண்டே போனவர், கறுப்பு டேப் சுற்றிய ஓர் இடத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர். சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும், அதற்கேற்ப முள் ஏறும். சென்சாரைத் துண்டித்துவிட்டு மாறாத ஒரு மின்தடையை அங்கே வைத்தால் முள்ளும் மாறாது. சில ரூபாய் பெறாத பொருள். எனக்கு ஹெட் வளைந்தது, கேஸ்கெட் போனது. ஹெட்டைக் கழற்றும்போது இன்னொன்றும் தெரிந்தது: போல்டுகளின் மேல் கம்பெனி பெயிண்ட் உடையவே இல்லை. போர் வேலை பார்த்ததாகச் சொன்ன இன்ஜினை யாருமே திறக்கவில்லை.

புது ரேடியேட்டர் கோர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், லேத்தில் ஹெட் மட்டம் பிடித்தது, கேஸ்கெட், கிளட்ச் செட் எல்லாம் சேர்த்து 71,400 ரூபாய். தேனியில் வேறு ஜெனரேட்டர் பிடித்துக் கொடுத்த வகையில் 14,000. கியர் பாக்ஸ் ஆயிலும் பின் அச்சில் உள்ள கிரௌன் ஆயிலும் தார் போல இருந்தன, மாற்றினோம். யார்டில் பொருத்திக் கொடுத்த இழுவைக் கொக்கியைப் பின் பம்பர் பட்டையில் வெறும் வெல்டிங்கில் ஒட்டியிருந்தார்கள். அதில் விரிசல் விட்டிருந்தது. பின்னால் வந்த பஸ்ஸின் மேல் அந்த டிரெய்லர் போயிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. இப்போது சேசிஸின் இரு பக்கமும் பிளேட் வைத்து போல்ட் போட்டிருக்கிறது, கூடவே பாதுகாப்புச் சங்கிலி. ஓட்டத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் வாலாட்டவும் செய்தது. அதற்குக் காரணம் என் தவறு: ஜெனரேட்டரைப் பின்தள்ளி வைத்திருந்தேன். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். முன்னால் நகர்த்தினேன், ஆட்டம் நின்றது.

நீங்கள் பார்க்கப் போனால், சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் சாவியைப் போட்டதும் முள் அடியில் இருக்க வேண்டும், ஓட ஓட ஏற வேண்டும். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டிக் கசியும் புகை, வருகிறதா என்று பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பேச்சே வேண்டாம். ஆயில் பாகு போல இருந்தால் அதை மறைக்கத்தான். பிறகு உங்கள் டிரெய்லரையே மாட்டி ஓர் ஏற்றத்தில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விஷயம் விளங்கிவிடும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பாக்கி நிற்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். எனக்கு அந்தச் சிக்கல் இல்லை.

யார்டுக்குத் திரும்பிப் போய்க் கேட்டபோது ரசீதின் அடியில் இருந்த வரியைக் காட்டினார்கள்: "வண்டியை உள்ள நிலையில் பார்த்துச் சம்மதித்து வாங்கிக்கொண்டேன்." கீழே என் கையெழுத்து. முள்ளை ஏமாற்றி வைத்திருப்பதையும் பார்த்தா சம்மதித்தேன் என்றேன். பதில் இல்லை. தொழிலுக்கு வாங்கிய வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று பயமுறுத்திய யார்டு ஆளும் உண்டு. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு வாங்கியவருக்கு 2019 சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்துவிட்டேன். பழைய ரேடியேட்டர் கோர், அந்த ரெசிஸ்டர், மெக்கானிக் எழுதிக் கொடுத்த கடிதம் மூன்றும் என் பீரோவில் இருக்கின்றன.

நோட்டீஸ் போன மறுநாள் புரோக்கர் கூப்பிட்டார். "பதினைந்தாயிரம் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள் அண்ணே, எதற்குப் பகை" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.