"சுள்ளெண்டு குத்தினா வேலை செய்யுது": கூரியரில் வரும் முக மெசின்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை

புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் கூரியரில் வந்த முக மெசின் இப்போது மேசையில் கழற்றிக் கிடக்கிறது. முகநூல் நேரலையில் விற்ற சாமான். மைக்றோ கரண்ட் (மிக மெல்லிய கரண்ட்), ஆர்.எஃப். (தோலைச் சூடாக்கும் றேடியோ அலைக் கரண்ட்), ஈ.எம்.எஸ். (தசையை இழுக்கும் கரண்ட்), சிவப்பு லைற், நீல லைற் என்று ஐந்து வேலை செய்யுமாம். 28 நாளில் சுருக்கமும் போகும், பருவும் போகும் என்று 8,900 ரூபாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். காசு கட்டின பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம். மூன்றாம் நாள் கன்னம் எரிந்தது. இரண்டாம் கிழமை தாடையோரம் கறுத்துவிட்டது. விற்றவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: "அக்கா, சுள்ளெண்டு குத்தினா உள்ள வேலை செய்யுதெண்டு அர்த்தம். விடாமப் பாவியுங்கோ." அதற்குப் பிறகு போன் எடுபடவில்லை.

விற்ற பக்கத்தின் பெயரை இங்கே போடவில்லை. இப்படியான பக்கங்கள் மூடுவதும் வேறு பெயரில் திறப்பதும் ஒரு நாள் வேலை. சாமானைப் பார்த்துப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

பின்பக்கம் நாலு சின்ன ஸ்குரூ. திறந்தால் கைபேசிக்குள் இருப்பதைவிட மிகச் சிறிய பற்றரி ஒன்று, அதிர வைக்கும் மோட்டார் ஒன்று, ஆறு லைற், கைக்குக் கனமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே பசை போட்டு ஒட்டின இரும்புத் துண்டு. முன்னால் தங்க நிறத்தில் மின்னும் தகடுகள் நாலு. அதில் இரண்டுக்கு வயரே இல்லை. மற்ற இரண்டும் ஒரே வயரில் சேர்ந்து நேராகச் சார்ஜ் போடும் துளையின் நெகடிவ் பக்கம் போகின்றன. இரண்டு தகடும் ஒரே வயரில் என்றால் அவற்றுக்கிடையே கரண்ட் ஓடவே வழியில்லை. மைக்றோ கரண்டும் இல்லை, ஈ.எம்.எஸ்.ஸும் இல்லை. ஆர்.எஃப்.க்கு வேண்டிய சுற்று பலகையில் எங்குமே இல்லை.

அப்படியானால் சுள்ளென்று குத்தியது எது? சார்ஜர்.

மலிவான இரண்டு முள் சார்ஜருக்குள், 230 வோல்ற் பக்கத்துக்கும் 5 வோல்ற் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கப்பாசிற்றர் இருக்கும். அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் எப்போதும் கசியும். தரமான சார்ஜரில் அது கால் மில்லியம்பியருக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தியிருப்பார்கள். தரமில்லாததில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. உள்ளே காப்பு பழுதானால் 230 வோல்ற் முழுவதுமே தகட்டுக்கு வந்துவிடலாம். இந்த மெசினைச் சார்ஜில் போட்டபடியே, ஈர ஜெல் பூசின முகத்தில் பிடித்திருக்கிறார்கள், பற்றரி பத்து நிமிடம்கூட நிற்காததால். வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் நின்றால் குத்து கூடும், இறப்பர்ச் செருப்புப் போட்டால் குறையும். மெசினின் சுவிட்சை நிறுத்தினாலும் குத்தும். நிறுத்தின மெசின் குத்துகிறது என்றால் அது சிகிச்சை இல்லை, கசிவு. கரண்ட் பார்க்கும் டெஸ்டரைத் தகட்டில் வையுங்கள், உள்ளே மங்கலாகச் சிவப்பு தெரியும்.

தாடை கறுத்ததற்கு இந்தக் கசிவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பரு இருக்கிற தோலில், ஜெல் காய்ந்த பிறகும், அதிரும் தகட்டை இருபது நிமிடம் உரசினால் வேறென்ன நடக்கும்? எங்கள் நிறத் தோல் உரசலோ புண்ணோ எதுவானாலும் கறுத்துத்தான் ஆறும். அந்தக் கறுப்பு மறைய மாதக்கணக்கு எடுக்கும்.

நல்ல மைக்றோ கரண்ட் மெசினில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதன் கரண்ட் சில நூறு மைக்றோ அம்பியர்தான், தோல் உணரும் அளவுக்குக் கீழே. ஈ.எம்.எஸ். வேறு சாதி. அது மில்லியம்பியர் கணக்கில் தசையை இழுக்கும், உதடு துடிப்பது கண்ணுக்கே தெரியும். இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். மைக்றோ கரண்டா என்று பார்க்க 1 கிலோ ஓம் றெசிஸ்ரர் ஒன்று போதும், கடையில் சில ரூபா. அதன் இரு காலையும் இரண்டு தகட்டில் தொடவைத்து மல்டிமீற்றரில் வோல்ற் பாருங்கள், டீசியிலும் ஏசியிலும். 300 மைக்றோ அம்பியர் ஓடினால் 0.3 வோல்ற் அளவில் முள் துடிக்கும். பூச்சியமாகவே நின்றால் உள்ளே ஒன்றும் இல்லை. பத்து, இருபது வோல்ற்றுக்குத் தாவினால் அது ஈ.எம்.எஸ்., கண்ணைச் சுற்றியும் தொண்டையிலும் வைக்கவே கூடாது.

ஜெல் விசயத்திலும் ஏமாறுகிறார்கள். தேங்காய் எண்ணெய் கரண்டைக் கடத்தாது. எண்ணெய் பூசின முகத்தில் நல்ல மெசின்கூட வேலை செய்யாது, விட்டு விட்டுக் குத்தும். தண்ணீர் சார்ந்த ஜெல் தடிப்பாகப் பூச வேண்டும், காய முதல் திரும்பப் பூச வேண்டும். கற்றாழைச் சாறு கடத்தும், ஆனால் சீக்கிரம் காயும், சிலருக்குக் கடிக்கும். இவ்வளவும் சரியாகச் செய்தாலும் கிடைக்கிற இறுக்கம் சில மணித்தியாலம், கூடினால் ஒன்றிரண்டு நாள். கலியாண வீட்டுக்குப் போகிற நாளுக்கு உதவலாம். பத்து வயதைக் குறைக்காது.

முகமூடி லைற் இதைவிடப் பெரிய வியாபாரம். "150 லைற், ஏழு நிறம்" என்பார்கள். லைற் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கணக்குப் போடுங்கள். ஒரு முகமூடி 5 வோல்ற்றில் 0.6 அம்பியர் இழுத்தால் அது 3 வாற். அதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமாக வந்தால் 1 வாற், அதாவது 1,000 மில்லிவாற். முகமூடியின் பரப்பு 400 சதுர சென்ரிமீற்றர் என்றால் சதுர சென்ரிமீற்றருக்கு 2.5 மில்லிவாற். பத்து நிமிடத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் சேர்வது 1.5 ஜூல் வெளிச்சச் சக்தி. சதுர சென்ரிமீற்றருக்கு 30 மில்லிவாற் தரும் ஒரு முகமூடி அதே பத்து நிமிடத்தில் 18 ஜூல் கொடுத்துவிடும். மலிவானதில் அந்த அளவைச் சேர்க்க இரண்டு மணித்தியாலம் முகத்தில் கட்டியிருக்க வேண்டும். மங்கல் வெளிச்சத்தை நீட்டிப் பிடித்தால் அதே பலன் வரும் என்பதற்கும் உறுதி கிடையாது.

நிறமும் பொய்தான். பருக் கிருமி தனக்குள் வைத்திருக்கும் பொருள் நன்றாக உறிஞ்சுவது 415 நானோமீற்றர் அலைநீளம் (ஒவ்வொரு நிற வெளிச்சத்துக்கும் ஒரு அலைநீளம்) அளவிலான ஊதா கலந்த நீலம். ஏழு நிற முகமூடிகளில் பெரும்பாலும் வருவது அலங்கார லைற்றில் இருக்கிற அதே 460, 470 நானோமீற்றர் நீலம். பச்சையும் மஞ்சளும் வெறும் படம். "கண்ணுக்குத் தெரியாத இன்பிறா றெட்டும் இருக்கு" என்று சொன்னால் போனின் முன் கமராவில் பாருங்கள். முதலில் ரிவி றிமோட்டை அழுத்தி உங்கள் கமரா அதைக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு முகமூடி. 830, 850 நானோமீற்றர் லைற் எரிந்தால் திரையில் வெளிர் ஊதாப் புள்ளியாகத் தெரியும்.

சரியான 415 கிடைத்தாலும் எங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த அலைநீளம் கறுத்த தோலை இன்னும் கறுக்க வைக்கக்கூடியது. பரு குறைந்து தழும்பு கூடினால் யாருக்கு லாபம்? சிவப்பு 630 நானோமீற்றரில் அந்தத் தொல்லை இல்லை. கண்ணையும் கவனியுங்கள். நியூட்ரோஜீனா நிறுவனமே தன் பருவுக்கான லைற் முகமூடியை, சில கண் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து வரலாம் என்று 2019 ஜூலையில் சந்தையிலிருந்து திருப்பி எடுத்தது. கண் மூடி இல்லாமல் வரும் மலிவு முகமூடியை என்னவென்று சொல்ல?

பருவுக்கென்று விற்கும் கண்ணாடிக் குழாய் மெசினில், அதுதான் ஹை ஃபிறீக்குவென்சி, ஊதா நிறம் ஆர்கன் வாயு, செம்மஞ்சள் நியோன் வாயு. ஊதா பருவுக்கு, செம்மஞ்சள் சுருக்கத்துக்கு என்று இரண்டு குழாய்க்கும் தனித்தனிக் காசு வாங்குகிறார்கள். வாயு மாறினால் நிறம்தான் மாறும். தோலில் சின்னப் பொறியையும் ஓசோனையும் இரண்டுமே தரும். போலியில் பிளாஸ்ரிக் குழாய்க்குள் ஊதா லைற் மட்டும் இருக்கும். கண்டுபிடிக்க, ஏ.எம். றேடியோவைப் பக்கத்தில் போடுங்கள். உண்மையானது இரைச்சலால் பாட்டை மூடிவிடும். பாவிக்கும்போது தோடு, மூக்குத்தி, தாலிக்கொடி எல்லாம் கழற்ற வேண்டும், பொறி அதற்குத் தாவும். அல்ககோல் உள்ள ரோனரோ சென்ற்றோ பூசினால் முகத்திலேயே தீப்பிடிக்கலாம். இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு ஓசோன் ஆகாது. குழாயை மாற்றுவது சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் கழற்றின பிறகு.

கனடாவிலிருந்து சொந்தக்காரர் அனுப்பியது என்றால் நல்லதாகத்தான் இருக்கும், ஆனால் ஒட்டியிருக்கிற தாளை வாசியுங்கள். அங்கே 120 வோல்ற். 100 முதல் 240 வரை என்று இல்லாமல் 120 மட்டும் இருந்தால், இங்கே 230 இல் செருகினதும் ஏறத்தாழ மூன்றரை மடங்கு வலு ஏறும். முள்ளை மாற்றும் அடப்ரர் வோல்ற்றை மாற்றாது.

இனி, வேறு ஊர் விளம்பரம் எதுவும் சொல்லாத விசயம். வன்னியில் எத்தனையோ பேருக்கு 2009 போரின் செல் பீஸ் (எறிகணைத் துண்டு) இன்னும் உடம்பில் இருக்கிறது. சிலருக்குக் கன்னத்தில், கழுத்தில், மண்டையோரம். எடுத்தால் நரம்பு போகும் என்று விட்டது. ஆர்.எஃப்., மைக்றோ கரண்ட், ஈ.எம்.எஸ்., கண்ணாடிக் குழாய் எதையும் அந்தப் பக்கம் வைக்கக் கூடாது. உலோகத்தைச் சுற்றிக் கரண்ட் குவியும், ஆர்.எஃப். என்றால் உள்ளே சூடேறும், வெளியே தோல் சாதாரணமாகவே தெரியும். தாடையில் பிளேற் வைத்தவர்களுக்கும் இதுதான். இதயத்தில் பேஸ்மேக்கர், வலிப்பு, வயிற்றில் பிள்ளை என்றால் கரண்ட் மெசின் வேண்டவே வேண்டாம். விற்பவர் ஒருநாளும் கேட்கமாட்டார். பியூட்டி பார்லரில் செய்கிறவர்களாவது தொடங்க முதல் "பீஸ் ஏதும் இருக்கோ அக்கா" என்று கேளுங்கள்.

இன்னொன்று மருந்து. எலிக்காய்ச்சலுக்காக வயல்காரருக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை தோலை வெளிச்சத்துக்குக் கூசவைக்கும். பருவுக்கும் அதே குளிசை எழுதுவார்கள். அதைப் போடும் நாட்களில் லைற் முகமூடியைக் கட்ட முதல் வைத்தியரைக் கேளுங்கள். வெள்ளையாக்கும் கிறீம் பூசி வந்த முகத்திலும் மெசின் வைக்கவேண்டாம், ஸ்ரெரொயிட் கலந்ததாக இருந்தால் தோல் ஏற்கெனவே மெலிந்திருக்கும்.

பருவுக்கு 8,900 ரூபா வைத்திருக்கிறவர்கள் முதலில் பாமசியில் பென்சொயில் பெரொக்சைட் 2.5 வீதம் கேளுங்கள். இரவில் மெல்லியதாகப் பூசுங்கள், முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், எட்டுக் கிழமையாவது. துவாயையும் தலையணை உறையையும் வெளிறவைக்கும், பழசைப் பாவியுங்கள். அதிலும் அடங்காமல் கட்டி கட்டியாக வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக். காசு இல்லை, பஸ் செலவுதான்.

"எஃப்.டி.ஏ. றெஜிஸ்ரர்ட்" என்று தங்க முத்திரை போட்ட சான்றிதழைக் காட்டினால் அதுவே சந்தேகப்பட நல்ல காரணம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான அந்த நிறுவனம் பதிவுக்குச் சான்றிதழ் கொடுப்பதே இல்லை. பதிவு என்பது பட்டியலில் பெயர் இருக்கிறது என்பது மட்டும், சாமானைச் சோதித்தார்கள் என்பதல்ல.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் மெசினைக் கழற்ற அவசரப்படாதீர்கள், முதலில் படம் எடுங்கள். நேரலையின் ஸ்கிரீன்சொட், விலை, "28 நாள்" என்ற வாக்கு, விற்றவரின் மெசேஜ் எல்லாம் வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். பற்றரி வீங்கியிருந்தால் சார்ஜில் போடாமல், குத்தாமல், வீட்டுக்கு வெளியே மண் போட்ட வாளியில் வையுங்கள். பார்சலில் ஒட்டின கூரியர்த் தாளைக் கிழித்து எறியாதீர்கள். அனுப்பினவரின் போன் இலக்கமும் காசு யாருக்குப் போனது என்பதும் அதில்தான் இருக்கும், பெட்டிக்குள் வரும் வாரண்டி அட்டையில் இருக்காது.