தேனீப் பெட்டியில் சட்ட இடைவெளிக்கு எது சரி: ஹாஃப்மன் தோளா, பல்தகடா?

தேனீப் பெட்டியில் ஒவ்வோர் அடையும் ஒரு மரச் சட்டத்துக்குள் தொங்கும். இத்தாலியத் தேனீக்குப் புழு அறையில், அதாவது ராணி முட்டையிட்டுப் புழுக்கள் வளரும் பெட்டியில், ஓர் அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடுவுக்கு 35 மி.மீ. என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. அடையின் தடிமன் சுமார் 25 மி.மீ.; மிஞ்சும் 10 மி.மீ. சந்தில் இரண்டு பக்கத் தேனீக்களும் முதுகுக்கு முதுகு நின்று வேலை பார்க்கும். உடல் சிறிய இந்தியத் தேனீக்கு இன்னும் நெருக்கம் வேண்டும். இந்த இடைவெளியை எதை வைத்து நிலைநிறுத்துவது என்பதில்தான் தகராறு.

ஹாஃப்மன் சட்டத்தில் பக்கக் கட்டையின் மேல்பகுதி 35 மி.மீ. அகலம். தோளோடு தோள் சேர்ந்தால் இடைவெளி தானாக அமைந்துவிடும். பல்தகடு என்பது பெட்டியின் விளிம்பில் பொருத்தும், வெட்டுகள் கொண்ட தகடு; சட்டத்தின் காது, அதாவது மேல்கட்டையின் நீட்டிய முனை, ஒவ்வொரு வெட்டிலும் தனித்தனியாக உட்காரும். பார்க்க ஒழுங்காக இருக்கும், தேனீக்கள் பூசும் பிசினும் குறைவாகவே ஒட்டும். காதில் மாட்டும் பிளாஸ்டிக் உறைகளும் உண்டு. கழன்று விழுவதால் அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

புழு அறைக்கு நான் எடுத்தது ஹாஃப்மன். காரணம் ஒன்றே: பெட்டியைத் திறந்து பார்க்கும் வேலை. ஓரச் சட்டத்தை எடுத்து வெளியே வைத்தால் இடம் கிடைக்கிறது. அடுத்த சட்டத்தை உளியால் நெம்பி, முதலில் பக்கவாட்டில் நகர்த்தி, பிறகு தூக்கலாம். பல்தகட்டில் நகர்த்த வழியில்லை. ஒரு பக்கம் காலியாக இருந்தாலும் மறுபக்கம் அதே 10 மி.மீ. சந்துக்குள்ளிருந்தே நேராக மேலே இழுக்க வேண்டும். அடையில் ஆண் தேனீ அறைகளோ தேன் மேடோ புடைத்திருந்தால், இடையில் நிற்கும் தேனீக்கள் உருண்டு நசுங்கும். அதில் ராணியும் இருக்கலாம். கூட்டமே கோபப்படும், பார்வையிடும் ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

ஹாஃப்மனிலும் தொந்தரவு உண்டு. தோள்கள் பிசினால் இறுகும், சேர்க்கும்போது நடுவில் தேனீ மாட்டும். ஒரு விளிம்பு கூராகவும் எதிர் விளிம்பு தட்டையாகவும் உள்ள கட்டைகளில் இரண்டுமே குறைகிறது. லேசாகப் புகை காட்டி, மெதுவாகத் தள்ளினால் போதும்.

தேன் சேரும் மேல் பெட்டியான தேன் அறை வேறு விஷயம். அங்கே 10 சட்டப் பெட்டியில் 9 வைத்தால் அடை தடித்து, மரத்துக்கு வெளியே வரும்; தேன் எடுக்க அடையின் மெழுகு மூடியைச் சீவுவது சுலபம். ஆனால் அடை கட்ட அடித்தளமாகப் புது மெழுகுத்தாள் போட்ட சட்டங்களை முதலில் 10 ஆக நெருக்கி வைத்து, அடை கட்டிய பிறகே 9 ஆக்க வேண்டும். இல்லையென்றால் இடைவெளியில் குறுக்கடை கட்டிவிடும். பல்தகடு இந்த மாற்றத்துக்கு இடம் தராது. கட்டி முடித்த அடைகள் கைவசம் இருப்பவர்களுக்கு அங்கே அது தாராளமாகப் பொருந்தும். பெட்டிகளை நெடுந்தூரம் ஏற்றிச் செல்வோருக்கும் அது உதவக்கூடும். எனக்கு அதில் அனுபவம் குறைவு.

ஹாஃப்மன் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 10 சட்டங்களுக்கு 350 மி.மீ. போக, லாங்ஸ்ட்ராத் எனும் வழக்கமான 10 சட்டப் பெட்டியில் சுமார் 20 மி.மீ. மிஞ்சும். அதைச் சட்டங்களுக்கு நடுவே விடாமல், எல்லாவற்றையும் இறுக்கிச் சேர்த்து, இரண்டு சுவர்ப் பக்கமும் சமமாகப் பிரித்து விடுங்கள்.