கிளிநொச்சியில் வாடகைக்கு ஆள் பார்த்துத் தரும் ஒரு தரகர்: என் அனுபவம்

திருநகரில் உள்ள எங்கள் பின்வீட்டுக்கு இந்த முறை ஒரு தரகர் மூலம் ஆள் பார்த்தேன். முன்பு நானே பார்த்து வைத்தவர், ஐந்து மாத மின்கட்டணத்தைக் கட்டாமல் ஓர் இரவில் போய்விட்டார். மின்மானி என் பெயரில் இருக்கிறது. ஓய்வூதியப் பணத்தில் கட்டி முடித்தேன்.

இந்தத் தரகர் விசாரிக்கும் விதம் எனக்குப் பிடித்தது. அடையாள அட்டைப் பிரதியோடு அவர் நின்றுவிடவில்லை. அறிவியல்நகர் பொறியியற் பீடத்தில் வேலை செய்யும் ஒருவர் குடும்பத்தோடு வீடு கேட்டு வந்தார். அவர் முன்பு இருந்த பரந்தன் வீட்டுக்கே தரகர் மோட்டார் சைக்கிளில் போனார். வாடகை எத்தனையாம் தேதி கைக்கு வந்தது, கிணற்றடியை எப்படி வைத்திருந்தார்கள், போகும்போது முற்பணத்தில் எவ்வளவு கழிக்க வேண்டியிருந்தது என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்டு வந்து சொன்னார். கடைசி மின்பட்டியல் கட்டிய பற்றுச்சீட்டையும் வாங்கி வந்தார்.

நான் கடையில் வாங்கி வைத்திருந்த ஒப்பந்தப் படிவத்தையும் அவர் ஏற்கவில்லை. "ரீச்சர், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும்" என்றார். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று நொத்தாரிசும் விளக்கினார். தரகர் ஒரு மாத வாடகையைத் தரகாக வாங்கினார். செய்த வேலைக்கு அது தகும்.

ஆனால் ஒன்றை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தக் குடும்பத்துக்கு முன்பே, இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் வீடு பார்க்க வந்திருந்தார். தையல் வேலை செய்கிறவர். அவரிடம் தரகர் வாடகையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கணவர் எங்கே, சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கோயிலடியைக் கேட்பது சாதியை அறியத்தான் என்று இங்கே யாருக்குத் தெரியாது? அந்தப் பெண்ணுக்கும் தெரிந்தது. சின்னவனின் கையைப் பிடித்துக்கொண்டு படலையைத் திறந்து போய்விட்டார்.

2009 கடைசியில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்து, வவுனியா குருமன்காட்டில் ஓர் அறைக்காக நானும் மகளும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். "வன்னியிலிருந்தா?" என்று கேட்டதும் கதவைச் சாத்தினார்கள். என் வாசலில் இன்னொருத்திக்கு அது நடந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மறுநாள் தரகரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: வாடகை, மின்கட்டணம், எத்தனை பேர், முன்பிருந்த வீடு. இவற்றுக்கு மேல் என் வீட்டுக்காக எதையும் கேட்கக்கூடாது. ஒத்துக்கொண்டார். நீங்களும் இவரிடம் வீட்டைக் கொடுத்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணைக் கேட்டேன். அவர் குறித்து வைத்திருக்கவில்லை.