மாதப் பெயரும் மாத எண்ணும்: பைத்தான் காலண்டர் மாட்யூலோடு நீண்ட நாள் பழக்கம்

பைத்தான் நிரல்மொழியில் மாத எண்ணைப் பெயராக்கவும் பெயரை எண்ணாக்கவும் பல வருடங்களாக நான் பயன்படுத்துவது அதோடு கூடவே வரும் காலண்டர் மாட்யூலைத்தான். எண்ணிலிருந்து பெயருக்குப் போவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிலுள்ள மன்த்_நேம் பட்டியலில் 3 கேட்டால் மார்ச், 12 கேட்டால் டிசம்பர். ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரிக்கு எண் 0 என்பதால் ஒன்றைக் கூட்டிக் கழித்தபடியே இருக்க வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

அந்த வசதிக்காகப் பட்டியலின் 0-வது இடத்தில் வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத மதிப்பு) ஒன்றை வைத்திருக்கிறார்கள். பெயரிலிருந்து எண்ணுக்குத் திரும்பும்போது இதுதான் காலை வாரும். பட்டியலில் இன்டெக்ஸ் (பெயர் இருக்கும் இட எண்) தேடி எண் எடுப்பது பலரின் வழக்கம். காற்புள்ளியால் பிரித்த அட்டவணையான சிஎஸ்வி கோப்பில் மாதம் நிரப்பாத வரி வந்தால், எரர் எதுவும் இல்லாமல் 0 கிடைத்துவிடும். அதை வைத்துத் தேதி உருவாக்கினால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். எண்ணை மட்டும் வைத்து மாதவாரியாகக் கூட்டினாலோ, ரிப்போர்ட்டில் பதின்மூன்றாவது மாதம் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். காலி மதிப்பை முதலிலேயே வடிகட்டிவிடுங்கள்.

எழுத்தில் இருப்பதைப் படித்துத் தேதியாக்கும் ஸ்ட்ரப்டைம் இந்த விஷயத்தில் தேவலை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது; காலி மதிப்பை ஏற்காது. ஆனால் ஆங்கிலத்தில் செப்டம்பரை நான்கெழுத்தில் (Sept) சுருக்கி எழுதியிருந்தால் திருப்பி அனுப்பிவிடும். வருடம் கொடுக்காவிட்டால் 1900 என்று வைத்துக்கொள்ளும். அது லீப் வருடம் இல்லை, ஆகவே பிப்ரவரி 29 எரராகும்.

பெரிய சிக்கல் லொக்கேல், அதாவது மொழி, நாடு பற்றிய அமைப்பு. மன்த்_நேம், கேட்கும் ஒவ்வொரு முறையும் அப்போதைய லொக்கேலைப் பார்த்துத்தான் பெயர் தருகிறது. நாம் சேர்த்த ஏதோ ஒரு லைப்ரரி லொக்கேலை ஜெர்மனுக்கு மாற்றினால் மொத்த ப்ராசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல் முழுவதற்கும்) மாறிவிடும்; அப்புறம் ஆங்கில மார்ச் எதனோடும் பொருந்தாது. அதனால் ஆங்கிலத் தரவுக்கு முதல் மூன்றெழுத்தைச் சாவியாக வைத்து, 12 பதிவுகள் கொண்ட டிக்ஷனரி (சாவிக்கு மதிப்பு தரும் அட்டவணை) ஒன்றை நானே எழுதிக்கொள்கிறேன். அந்த நான்கெழுத்துச் செப்டம்பரும் அதில் அடங்கிவிடும்.

தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் பேபல் லைப்ரரி அருமை. லொக்கேலைத் தொடாமலே 1 முதல் 12 வரை பெயர்களைத் தந்துவிடும். முழுப் பெயரையே எடுங்கள். மிகக் குறுகிய வடிவத்தில் ஜூன், ஜூலை இரண்டும் ‘ஜூ’ என்றே வரும். அதிலிருந்து எண்ணைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. இலங்கையிலிருந்து வரும் கோப்புகளில் பெப்ரவரி, ஒக்டோபர் என்று இருக்கும். தமிழ்ப் பெயர்களுக்கான டிக்ஷனரியில் இந்த வடிவங்களையும் சேர்த்துவிட வேண்டும்.

மற்ற மாதங்களெல்லாம் பொருந்தி அக்டோபர் மட்டும் பொருந்தவில்லையா? ‘டோ’வைப் பாருங்கள். எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியும் காலும் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் சீர் வடிவம்) மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.