வேலை முடியும் முன் ஓடிபி சொல்லாதீர்கள்

புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் கவனிக்கவும். ஆள் வந்து வேலையை முடித்து, அதை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை, புகாரை மூட உங்கள் போனுக்கு வரும் ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். நான் சொல்லிவிட்டேன். அதனால் 19 நாள் சாக்கடைத் தண்ணீரைத் தாண்டித் தாண்டி வீட்டுக்குள் போனோம்.

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை பொங்கி வாசலில் தேங்கிவிட்டது. பராமரிப்பை உள்ளாட்சி அலுவலகம் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் காண்ட்ராக்ட் விட்டிருக்கிறது. செயலியில் புகார் போட்டேன். மூன்றாம் நாள் மாலை போன் வந்தது. "சார், வண்டி கிளம்பிடுச்சு. இப்ப உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க, அப்பதான் எங்களால அனுப்ப முடியும்." நம்பிச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, குறுஞ்செய்தி வந்தது: "தங்கள் ஒப்புதலுடன் புகார் தீர்க்கப்பட்டது." கால் வைத்து நடக்க வாசலில் மூன்று செங்கல் போட்டிருந்தேன். அந்த நேரத்தில் அதில் ஒன்று முழுகியே போயிருந்தது.

அலுவலகத்துக்குப் போனால் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கம்பெனியைக் கேட்டால் அலுவலகம் சொன்னால்தான் வருவோம் என்றார்கள். நாலாவது முறை போனபோது ஒரு அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் புகார் எண்ணுக்கு நேரே பச்சை டிக். பக்கத்தில் 'புகார்தாரர் உறுதி செய்தார்'. "நீங்களே ஒத்துக்கிட்டிருக்கீங்களே சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

பிறகுதான் காண்ட்ராக்ட் நகலை எழுத்து மூலம் கேட்டேன். அரசாங்கக் காகிதத்தைக் குடிமக்கள் கேட்டு வாங்கலாம் என்று ஸ்வீடன் 1766-லேயே சட்டம் போட்டது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்த உரிமை இருக்கிறது. பல நாடுகளில் தனியார் கம்பெனியிடம் நேரடியாக இப்படிக் கேட்க முடியாது. அதனால் மனுவைக் காண்ட்ராக்ட் கொடுத்த அலுவலகத்துக்கே போடுங்கள். நகலோடு நிறுத்தாதீர்கள். எந்தத் தேதியில் எந்த வண்டி வந்தது, யார் கையெழுத்துப் போட்டார், எவ்வளவு அபராதம் பிடித்தீர்கள் என்றும் கேளுங்கள். தேதியோடு படம் எடுத்து இணையுங்கள். மூடிய புகாரின் எண்ணைக் குறிப்பிட்டே புதுப் புகாரும் போடுங்கள்.

மனு கொடுத்த மூன்றாம் நாள் வண்டி வந்து அடைப்பை எடுத்தது. அத்தனை நாள் வராத வண்டி!

நகல் அதற்கப்புறம் கைக்கு வந்தது. 48 மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் கம்பெனிக்கு அபராதம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. புகார் மூடப்பட்டதும் அந்தக் கணக்கு நின்றுவிடும் என்றும் இருக்கிறது. எனக்கு போன் வந்தது கெடு முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது. வேலையைச் செய்யாமலே அபராதத்திலிருந்து தப்பிக்க அவர்களுக்குத் தேவைப்பட்டது என் வாயிலிருந்து ஆறு எண்கள்தான். நம் வரிப்பணத்தில் கூலி வாங்குகிறவர்கள் நம் ஒப்புதலை நம்மிடமே இப்படிப் பிடுங்குவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அபராதம் பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் வந்திருக்கிறது. பதிவேட்டைத் திருத்தக் கேட்டு மேல்முறையீடு செய்திருக்கிறேன். எங்கள் தெருவில் விசாரித்தபோது இன்னும் நாலு வீட்டில் இதே குறுஞ்செய்தி இருந்தது. அவர்களும் என் மேல்முறையீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உங்கள் போனிலும் பழைய குறுஞ்செய்திகளை ஒருமுறை தேடிப் பாருங்கள்.